கேட்பவர் திருத்தும் கதை

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவை ஒட்டிக் கடலடி நிலம் பிளந்தபோது, அந்த இடத்துக்கு மிக நெருக்கமாக மனிதர்கள் வாழ்ந்த நிலங்களுள் ஒன்று சிமியுலுவே தீவு. தீவின் வடகரையை முதல் அலை தொடப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சங்கு ஊதி எச்சரிக்க அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை; இருந்திருந்தாலும் செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருக்காது. தீவில் அப்போது ஏறக்குறைய 78,000 பேர் இருந்தார்கள். அலையில் இறந்தவர்கள் 7 பேர். அருகிலிருந்த, சுமத்ராவின் ஆச்சே நிலப்பரப்பில் இறந்தும் காணாமலும் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

தீவுக்காரர்களிடம் இருந்தது, இப்படிப்பட்ட பேரலையைக் குறிக்கும் 'ஸ்மோங்' என்ற ஒரு சொல். 1907-இல் அதே தீவை ஒரு பேரலை வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டிலும் வைத்தார்கள். கதை மிகச் சிறியது: நிலம் பலமாக ஆடும், பிறகு கடல் உள்வாங்கும், உள்வாங்கியது திரும்பி வரும், ஆகவே மேட்டுக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து, 1907-ஐக் கண்ணால் கண்டவர் என்று சொல்ல அநேகமாக யாரும் மிஞ்சாத காலத்தில், அந்த நாலு வரி ஒரு தீவையே மலையேற்றிவிட்டது. தமிழர்களில் பெரும்பாலோர் காதில் 'சுனாமி' என்ற சொல் விழுந்ததே அந்த அலைக்குப் பிறகுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பெயர் இல்லாத ஆபத்தைக் கூவி எச்சரிக்க முடியாது. 'கடல் என்னவோ செய்கிறது' என்று கத்தினால் யாரும் ஓடமாட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள்.

அந்தக் கதை ஏன் தேயவில்லை? அதில் அறிகுறிகள் நடக்கும் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன, செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. அந்தப் பகுதியில் சின்ன நில அதிர்வுகள் சகஜம். நிலம் ஆடும்போதெல்லாம் கதையை எடுத்துச் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தது. நினைவூட்டும் வேலையைப் பூமியே செய்தது. ஆண்டுக்கு ஒருமுறை விழா மேடையில் மட்டும் சொல்லப்படும் கதைக்கு இந்த வசதி இல்லை.

ஒரு மக்களின் பண்பாட்டைக் கதையும் வரலாறும் மொழியும் உருவாக்குகின்றன என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எப்படி உருவாக்குகின்றன என்று கேட்டால் பேச்சு 'அடையாளம்', 'வேர்' என்று போய்விடுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது ஒரு சாதாரண விஷயம். ஒருவர் தப்பாகச் சொன்னால் 'அப்படி இல்லை' என்று சொல்ல எதிரில் ஆள் இருக்கிறாரா? இருக்கும் வரை அந்தக் கதை, அந்த வரலாறு, அந்தச் சொல் பண்பாடாக வேலை செய்கிறது. அந்த ஆள் போய்விட்டால் மிஞ்சுவது பதிவு மட்டும்.

சொல் மாறாமல் காக்கும் வழிகள்

எழுத்தைத் தொடாமல் ஒரு நூலைத் தலைமுறை தாண்டிக் கடத்துவதில் மனிதர்கள் செய்த மிகக் கறாரான ஏற்பாடு வேதம் ஓதும் முறை. சொற்களை 1, 2, 3, 4 என்று வைத்துக்கொண்டால், கிரமம் என்ற ஓதல் 1-2, 2-3, 3-4 என்று போகும். ஜடை 1-2, 2-1, 1-2. பிறகு 2-3, 3-2, 2-3. கனம் இன்னும் கடினம்: 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3, பிறகு அடுத்த சொல்லிலிருந்து மறுபடியும். கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும், காரணம் விளையாட்டல்ல. மனப்பாடத்தில் பிழை நுழைவது பெரும்பாலும் பொருள் வழியாகத்தான். பொருள் புரிந்தவர் மறந்த சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள வேறு சொல்லைப் போட்டு நிரப்பிவிடுவார், தனக்கே தெரியாது. திருப்பிப் போட்ட வரிசையில் பொருளே கிடையாது, ஒலி மட்டும்தான். அங்கே ஊகிக்க வழியில்லை. தவிர, சொற்கள் புணரும்போது வரும் ஒலி மாற்றம் ஒவ்வொரு வரிசையிலும் வேறு வேறு. ஒரு சொல் மாறியிருந்தால் ஏதோ ஒரு சேர்க்கையில் காட்டிக்கொடுத்துவிடும். கூட ஓதுகிறவர் அந்த இடத்தில் நிறுத்துவார்.

தமிழ்ச் செய்யுள் இதே வேலையை வேறு வழியில் செய்தது. எதுகை, மோனை, தளை எல்லாம் அழகுக்கு என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவை பூட்டுகளும்கூட. வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் வர வேண்டும். நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் முன்னும் பின்னும் தளை தட்டும். யாப்பு பழகிய காது உடனே முகம் சுளிக்கும். அடியின் தொடக்கச் சொல்லை மாற்றினால் இரண்டாம் எழுத்து எதுகை போய்விடும். பாட்டின் வரிசை குலையாமலிருக்க அந்தாதி இருக்கிறது: ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம், ஆகவே நடுவில் ஒரு பாட்டு விட்டுப்போனால் சங்கிலி அறுந்தது தெரியும். இந்தப் பூட்டுகள் காக்காத இடங்களும் உண்டு. அடியின் நடுவில், எதுகையோ மோனையோ படாத சீரில், அதே அசையளவுள்ள வேறொரு சொல் சுலபமாக வந்து உட்காரும். பாடபேதம், அதாவது படிக்குப் படி சொல் மாறிய இடம், தேடுகிறவர் முதலில் கண் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஓலைச்சுவடி இந்தப் பூட்டுகளைத் தேவையற்றவை ஆக்கிவிடவில்லை. ஓலை பூச்சியரித்து, முறிந்து, சில நூற்றாண்டுகளில் பயனற்றுப்போகும். அதற்குள் யாராவது பெயர்த்தெழுத வேண்டும். பழஞ்சுவடியில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, ஏகார எகர வேறுபாடு இருக்காது. வாசிப்பவர் செய்யுளின் ஓசையை வைத்துத்தான் எழுத்தை முடிவுசெய்ய வேண்டும். எழுத்தும் காதும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன என்பதே நடந்தது.

எல்லாக் கதையும் இப்படிக் கெட்டியாகக் காக்கப்படுவதில்லை, காக்கப்பட வேண்டியதுமில்லை. 1933 முதல் 1935 வரை மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யுகோஸ்லாவியாவின் வீரகதைப் பாடகர்களைப் பதிவு செய்தார். உடன் போன ஆல்பர்ட் லார்ட் பின்னர் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். ஒற்றைத் தந்தி வாத்தியத்தை இழைத்துக்கொண்டு, அடிக்குப் பத்து அசையாக மணிக்கணக்கில் பாடுகிறவர்கள். கேட்ட பாட்டை ஒரு சொல் மாறாமல் திரும்பப் பாடுவோம் என்று பாடகர்கள் அடித்துச் சொன்னார்கள். இசைத்தட்டு வேறு சொன்னது: அதே பாடகர் அதே பாட்டை இரண்டாம் முறை பாடினால் வரிகள் வேறு. அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் அதற்கு முன் கேட்டிராத ஒரு பாட்டை அவர் முன் இன்னொருவரைப் பாடவைத்தார்கள். ஏறக்குறைய 2,300 அடி. முடிந்ததும் அவர் அதையே பாடினார்: 6,300 அடி.

பாடகர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் 'சொல்' என்பது அச்சில் வரும் சொல் அல்ல. கதையின் ஒரு அலகு. படை திரள வேண்டும், குதிரைக்குச் சேணம் பூட்ட வேண்டும், கடிதம் போக வேண்டும். இவற்றில் ஒன்று விட்டால் கேட்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். சேணத்தை எத்தனை அடியில் வருணிப்பது என்பது பாடகர் பாடு, அன்றைய சபையின் பொறுமை. ஆக, திருத்தம் இங்கேயும் இருக்கிறது, வேறு தட்டில் இருக்கிறது. எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாய்மொழி மரபை 'துல்லியமானது' என்றோ 'நம்பத்தகாதது' என்றோ சொல்வதில் அர்த்தமில்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே திருத்தும் பொறுப்பு உறவுமுறையில் கட்டப்பட்டிருக்கிறது. தகப்பன் பிள்ளைக்கு நிலத்தின் கதையைச் சொல்வான். பிள்ளை சரியாகக் கற்றானா என்று பார்ப்பது வேறு கிளை உறவினரின் கடமை. கடற்கரையின் 21 இடங்களில், இப்போது கடலாக இருக்கும் பகுதி ஒருகாலத்தில் நடந்து போகும் நிலமாக இருந்தது என்ற கதைகளை பேட்ரிக் நன், நிக்கோலஸ் ரீட் இருவரும் தொகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். பனியுகம் முடிந்து கடல் ஏறியது 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அநேகமாக நின்றுவிட்டது; ஆகவே கதைகளுக்கு அத்தனை வயது என்பது அவர்கள் வாதம். ஆழமில்லாத கடலையும் தீவுகளையும் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிய விளக்கமாகவும் சில இருக்கலாம் என்ற எதிர்வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொலைவில் தொலைவில் இருக்கும், வேறு வேறு மொழி பேசும் கரைகளில் எல்லாம் கடல் ஏறிய கதை இருந்து, கடல் இறங்கிய கதை இல்லாதது யோசிக்க வைக்கிறது.

திருத்த ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கண்டத்திலேயே உதாரணம் உண்டு. 1770-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் தாவிப்போகும் ஒரு விலங்கைக் காட்டிப் பெயர் கேட்டதாகவும், 'நீ சொல்வது புரியவில்லை' என்று வந்த பதிலே 'கங்காரு' ஆகிவிட்டதாகவும் ஒரு கதையை உலகமே சொல்லிச் சிரித்தது. அவர்கள் பேசியது கூகு யிமிதிர் மொழிக்காரர்களிடம். அந்த மொழியில் ஒருவகைப் பெரிய கங்காருவுக்குப் பெயரே 'கங்குரு'தான். 1970-களில் ஒரு மானிடவியலாளர் அந்த மக்களோடு இருந்து மொழியைக் கற்றபோதுதான் இது பொதுவில் உறுதியானது. அந்த மொழி பேசியவர்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயம். அவர்களை யாரும் கேட்கவில்லை. இருநூறு ஆண்டு!

மொழி எதைச் சொல்ல வைக்கிறது

மொழி மனிதனின் சிந்தனையைச் சிறைவைக்கிறது என்ற பழைய வாதம் நிற்கவில்லை. எஸ்கிமோக்களுக்குப் பனியைக் குறிக்க நூறு சொல் உண்டு, ஆகவே அவர்கள் உலகமே வேறு என்பதெல்லாம் வாய்க்கு வாய் ஊதிப் பெருத்தது. எந்த மொழியிலும் எதையும் எப்படியாவது சொல்லிவிடலாம். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதைச் சரியாகப் பிடித்தார்: மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்.

தமிழிலேயே பார்க்கலாம். 'நாங்கள் போகிறோம்' என்பதற்கும் 'நாம் போகிறோம்' என்பதற்கும் நடுவில் தமிழ்க் குழந்தை தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். கேட்கிறவர் உள்ளே உண்டா இல்லையா என்று முடிவெடுக்காமல் வாயைத் திறக்க முடியாது. உடன்பிறந்தவளைப் பற்றிப் பேச்சில் சொல்ல வேண்டுமானால் அக்காவா தங்கையா என்று சொல்லியாக வேண்டும். மூன்றாம் மனிதரைச் சொல்ல 'அவன்', 'அவர்' இரண்டில் ஒன்று. மரியாதையைக் கணக்கிடாத நடுநிலைச் சொல் பேச்சில் கைவசம் இல்லை. துருக்கியில் 'ஓ' என்ற ஒரே சொல் ஆண், பெண், பொருள் அனைத்துக்கும். அதனால் துருக்கியில் பாலின சமத்துவமும் தமிழில் மரியாதையும் தானாக விளைந்துவிட்டன என்று முடிவுகட்டுவது சறுக்கல். இலக்கணம் செய்வது அதைவிடச் சிறிய, ஆனால் ஓயாத காரியம்: ஒரு விஷயத்தை நாள் முழுக்கக் கவனிக்கப் பழக்குகிறது. கவனிக்காவிட்டால் நாலு வயதிலேயே யாராவது திருத்துகிறார்கள்.

மேலே சொன்ன கூகு யிமிதிர் மொழியில் இருப்பிடம் சொல்ல இடம் வலம் பயன்படாது, திசைதான். 'உன் வடக்குக் காலருகே எறும்பு' என்பது போலச் சொல்ல வேண்டும். அதற்கு எந்த நேரமும் வடக்கு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், இருட்டிலும் வீட்டுக்குள்ளும். அந்த மொழி பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது பிறவித் திறன் அல்ல, பேசிப் பேசி வந்த பயிற்சி. ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. இடம் வலத்தோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

கதைக்கும் வரலாற்றுக்கும் நடுவில் மொழி வைத்திருக்கும் ஒரு சின்ன வேலி பலர் கண்ணில் படாதது. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்.' அந்த 'ஆம்' சொல்வது இதுதான்: நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது, பொறுப்பு என்னுடையதல்ல. துருக்கியில் இது இன்னும் கண்டிப்பானது. 'வந்தான்' என்று சொல்ல நேரில் அறிந்ததற்கு 'கெல்தி', கேள்விப்பட்டதற்கும் ஊகித்ததற்கும் 'கெல்மிஷ்'. கடந்ததைப் பேசும்போது இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். அங்கேயும் பாட்டிக் கதை 'மிஷ்' போட்டுத்தான் தொடங்கும். ஒரு கர்ண பரம்பரைக் கதை வரலாறாக மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால், 'ஆம்' எங்கே உதிர்ந்தது என்று பார்த்தால் போதும். 'இருந்தானாம்' என்பது 'இருந்தான்' ஆகும், அது 'ஆண்டான்' ஆகும், பிறகு ஓர் ஆண்டுக்கணக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

வரலாற்றின் நடுவில் ஒரு பள்ளம்

வாய்மொழி வரலாற்றை ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த யான் வான்சினா ஒரு பொது வடிவத்தைக் கவனித்தார். தோற்றம் பற்றி ஏராளமான செய்தி இருக்கும். கடைசி மூன்று நான்கு தலைமுறை பற்றியும் ஏராளமாக இருக்கும். நடுவில் வெறும் பள்ளம், அல்லது ஒன்றிரண்டு பெயர். தலைமுறை நகர நகரப் பள்ளமும் கூடவே நகரும். நேற்றுவரை எல்லோருக்கும் தெரிந்த கொள்ளுப்பாட்டன் மெல்லப் பள்ளத்தில் விழுந்துவிடுவார். மூலபுருஷர் மட்டும் அங்கேயே நிற்பார். ஆகவே வம்சாவளியில் தலைமுறையை எண்ணி, தலைக்கு 25 ஆண்டு போட்டுப் பெருக்கி, மூலபுருஷரின் காலத்தைக் கணிப்பது மிகப் பரவலான பிழை. பள்ளத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பெருக்குகிறவருக்குத் தெரியாது.

விழுவதும் தற்செயல் அல்ல. இன்றைய கானாவில் உள்ள கோன்ஜா நாட்டின் கதையைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்தார்கள்: நிறுவிய ஜக்பாவுக்கு 7 மகன்கள், ஆளுக்கு ஒரு பிரிவு. அறுபது ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் மகன்கள் 5 பேர். இடையில் இரண்டு பிரிவுகள் வரைபடத்திலிருந்து மறைந்திருந்தன. நைஜீரியாவின் டிவ் மக்களிடம் இன்னும் சுவாரசியமான நிலை. நீதிமன்ற வழக்குகளில் உரிமையை நிலைநாட்ட அவர்கள் வம்சாவளியை எடுத்துரைப்பார்கள் என்பதால் அதிகாரிகள் அவற்றைக் கவனமாக எழுதிவைத்தார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு அந்த ஏட்டைக் காட்டியபோது, ஏடு தப்பு என்றார்கள் டிவ் மக்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. வம்சாவளி அவர்களுக்கு யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லும் கருவி. உறவுகள் மாறியபோது கருவியும் மாறியது. எழுதினவர்கள் அதை ஆவணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதனால் வாய்மொழி வரலாறு குப்பை என்று தள்ளிவிடவும் முடியாது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகளிடம் இடிப்பறவையும் திமிங்கிலமும் போராடியபோது நிலம் அதிர்ந்து கடல் ஏறிய கதை உண்டு. ஒரு குளிர்கால இரவில் கடலோரக் கிராமம் ஒன்று அடியோடு போன கதையும் உண்டு. ஆண்டு கிடையாது. ஜப்பானில் 1700 ஜனவரி இறுதியில், நிலம் ஆடாமலே ஓர் அலை வந்து வீடுகளையும் நெல்லையும் கெடுத்ததாக ஊர்க்குறிப்புகள் உண்டு. நாள் இருக்கிறது, காரணம் இல்லை. அமெரிக்கக் கரையில் உப்புநீரில் நின்று செத்த மரங்களின் வளையங்கள் 1699 இலையுதிர் காலத்துக்கும் 1700 வசந்தத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டின. மூன்றையும் சேர்த்தபோதுதான் 1700 ஜனவரி 26 இரவு 9 மணி வாக்கில், ஏறக்குறைய 9 அளவில் அங்கே நிலநடுக்கம் நிகழ்ந்தது தெரிந்தது. கதையிடம் கேட்க வேண்டியது என்ன நடந்தது, எங்கே, இரவா பகலா என்பவற்றை. எப்போது என்று கேட்டால் அது கையை விரிக்கும், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த எதையாவது சொல்லும்.

கதையிலிருந்து வேண்டுமென்றே ஒரு தேசத்தையே எடுத்துக் கட்டியவர்களும் உண்டு. ஃபின்லாந்து 1809 வரை ஸ்வீடனிடம், பிறகு ரஷ்யாவிடம். நிர்வாகமும் படிப்பும் ஸ்வீடிஷ் மொழியில். ஃபின்னிஷ் குடியானவர் பேச்சு. மருத்துவரான எலியாஸ் லோன்ரோட் கிழக்கே ரஷ்ய எல்லையோரக் கரேலியா பக்கம் நடந்தே போய்ப் பாடகர்களிடம் பாட்டுகளைச் சேர்த்து, ஒரு காவியமாக வரிசைப்படுத்தி 1835-இல் 'கலேவலா' என்று வெளியிட்டார். 1849-இல் விரித்த பதிப்பு, 22,795 அடி. அடிகளில் மிகப் பெரும்பகுதி பாடகர்களுடையது, ஆனால் முதல்-நடு-முடிவு என்ற கட்டுமானம் லோன்ரோட்டுடையது. அப்படி ஒரே நீளக் கதையாக அதை எந்தப் பாடகரும் பாடியதில்லை. 1863-இல் ஃபின்னிஷ் மொழிக்கு அலுவல் உரிமை வழங்கும் ஆணை வந்தது, 1917-இல் நாடு தனியானது. பள்ளியில் கலேவலா படித்த தலைமுறைக்குப் பாடகரின் சொந்தப் பாட்டு அரைகுறைத் துண்டாகத் தெரியத் தொடங்கியது என்பது இதன் மறுபக்கம். தொகுப்பு என்பது எப்போதும் ஒரு தேர்தல். வென்றது மட்டும் பிறகு 'மரபு' ஆகும். ஃபின்லாந்துக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சேகரித்த மூலப் பாட்டுகளைக் கலக்காமல், எந்த ஊரில் யாரிடம் கேட்டது என்ற குறிப்போடு, 1908 முதல் 1948 வரை 33 தொகுதிகளாக அச்சிட்டார்கள். லோன்ரோட்டைத் திருத்த இன்று யாராலும் முடியும்.

அறுந்த இடங்கள்

மொழி சாகாமலே மக்கள் தங்கள் வரலாற்றிலிருந்து துண்டாகலாம். 1927 அக்டோபரில் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் ஆறு நாளில் 36 மணி நேரம் பேசிய உரை நவீன துருக்கியின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்று அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறும் சட்டம் வந்தது. 1932-க்குப் பிறகு அரபு, பாரசீகச் சொற்களைக் களையும் இயக்கம் வேகம் பிடித்தது. 1960-களிலேயே அந்த உரையை 'இன்றைய துருக்கி'யில் பெயர்த்து வெளியிட வேண்டியிருந்தது. எழுத்தறிவு பெருகியது என்பது உண்மை. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாமல் போனதும் உண்மை. எழுத்துச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் முதல் கணக்கை மட்டும் காட்டுவார்கள், எதிர்க்கிறவர்கள் இரண்டாவதை மட்டும்.

ஹவாயில் வேறு விதம். 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழிச் செய்தித்தாள்களில் அச்சானது ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல்: கதை, வம்சாவளி, பாட்டு, அரசியல் சண்டை எல்லாம். 1896-இல் பள்ளிகளின் மொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. பக்கங்கள் பத்திரமாக இருந்தன. படிப்பவர்கள் இல்லாமல் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். மீட்கத் தொடங்கியவர்கள் அகராதியில் கைவைக்கவில்லை. நியூசிலாந்தின் மாவோரிகள் 1982-இல் தொடங்கிய 'மொழிக் கூடு' முறையை 1984-இல் எடுத்துக்கொண்டார்கள்: பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளை, மொழி தெரிந்த முதியவர்களோடு, அந்த மொழி மட்டுமே பேசும் இடத்தில் நாள் முழுக்க விடுவது.

இந்த முறை தடுமாறும் இடங்களும் தெரிந்தவையே. நடுத் தலைமுறைக்கு மொழி வராது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பேச ஆளில்லை. அதனால்தான் பெற்றோரும் கற்க வேண்டும் என்பது நிபந்தனையாக வைக்கப்படுகிறது. அந்த நிபந்தனையைத் தளர்த்தினால் மொழி வகுப்பறைப் பாடமாகச் சுருங்கும். அடுத்தது விளையாட்டுத் திடல். ஆசிரியரிடம் ஒரு மொழி, சண்டை போட இன்னொன்று என்று பிள்ளைகள் பிரித்துவிட்டால், சண்டைக்கு வரும் மொழிதான் பிழைக்கும். மூன்றாவது, கற்றுப் பேசுகிறவர்களே பெரும்பான்மையாகும்போது இலக்கணம் பெரிய மொழியின் சாயலுக்கு நழுவும். திருத்த வேண்டிய கிழவர்கள் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது ஓயாமல் திருத்திப் பிள்ளைகளின் வாயை மூடவைப்பார்கள். இரண்டும் நடக்கிறது.

பதிவு செய்யும்போது

மிச்சமிருக்கும் கதைகளைப் பதிவுசெய்ய இப்போது பலர் கைப்பேசியோடு கிளம்புகிறார்கள். நல்லதுதான். முதல் பிழை, சொல்பவரைத் தனியறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவது. ஒலி சுத்தமாக வரும். கதை பாதியாகச் சுருங்கிவிடும். 'ம்' கொட்டவும், 'அப்புறம்?' என்று கேட்கவும், 'அது அவ தங்கச்சி இல்ல, நாத்தனா' என்று குறுக்கிடவும் ஓர் ஆள் வேண்டும். அந்தக் குறுக்கீட்டையும் சேர்த்தே எழுத்தில் பெயர்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் சரி-தப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் எடுப்பது காப்பகங்களின் வழக்கம். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாணில் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுகிறவர் யார், இந்தக் கதையை அவர் யாரிடம், எந்த வயதில் கேட்டார் என்பதைச் சொல்லவைக்க வேண்டும். தனித் தாளில் எழுதிவைத்தால் தாள் தொலையும். மூன்று படி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, மொழி நன்கு தெரிந்தவருக்கே குறைந்தது ஐந்தாறு மணி நேரம் ஆகும். இதைக் கணக்கில் வைக்காமல் நூறு மணி நேரம் பதிவுசெய்து அலமாரியில் தூங்கவிட்டவர்கள் அநேகம்.

கேள்வி கேட்பதில் கெடுவதுதான் அதிகம். 'இது பஞ்ச காலத்துக் கதைதானே?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'இதை எப்போது சொல்வார்கள், யாருக்குச் சொல்லக் கூடாது, வேறு மாதிரியும் சொல்வார்களா?' என்று கேட்டால் கதை திறந்துகொள்ளும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். 'நல்ல' பகுதிகளை ஒட்டி மூன்றாவதாக ஒன்றைச் செய்தால் அதை யாரும் எங்கும் சொல்லவில்லை என்றாகிவிடும். வட்டாரப் பேச்சை எழுத்துத் தமிழாக்கிச் சுத்தம் செய்வதும் இதே குற்றம்தான்: உறவுச்சொல், மரியாதை விகுதி, 'ஆம்' எல்லாம் முதல் துடைப்பிலேயே போய்விடும். சொல்பவர் ஏதாவது புத்தகமோ படமோ பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்பதையும் பக்குவமாக விசாரிக்க வேண்டும். அச்சான கதை வாய்க்குத் திரும்பிப் போய், 'பாட்டி சொன்னது' என்று மறுபடியும் வெளியே வருவது எங்கும் உண்டு.

சில கதைகளைப் பதிவு செய்யவே கூடாது என்பார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் பலரிடம் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லத் தக்க கதைகள் உண்டு. வெயில் காலத்தில் எவரும் அழுத்திக் கேட்கக்கூடியதாக இணையத்தில் ஏற்றிவிட்டால் கதை பிழைக்கும், அதைச் சுற்றியிருந்த ஒழுங்கு போய்விடும். அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்குவதோடு, யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வதே முறை.

ஸ்மோங் இப்போது சிமியுலுவேயைத் தாண்டிப் போய்விட்டது. பள்ளிப் பாடத்திலும் பேரிடர்ப் பயிற்சியிலும் அது பேசப்படுகிறது. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு ஓட்டை உண்டு. 'நிலம் பலமாக ஆடினால்' என்று அது தொடங்குகிறது. 2010 அக்டோபர் 25 இரவு, அதே சுமத்ராக் கரையின் மென்தவாய்த் தீவுகளில் நிலம் மெதுவாக, நெடுநேரம் ஆடியது. பயப்படும்படி இல்லை என்று பலர் படுக்கையை விட்டு எழவில்லை. அலை வந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மெதுவாக நழுவும் நிலநடுக்கம் பலமாக ஆட்டாமலே பெரிய அலை எழுப்பும் என்பது நிலவியலாளர்களுக்குத் தெரியும், தாலாட்டுக்குத் தெரியாது. 'பலமாக' என்ற இடத்தில் 'நெடுநேரம்' என்பதும் வர வேண்டும்: அதிர்வு மெல்லியதாக இருந்தாலும் 20 விநாடி தாண்டினால் ஏறு. இந்தோனேசிய அதிகாரிகள் அதைச் சுவரொட்டியில் எழுதலாம். பாட்டில் அந்தச் சொல்லை மாற்றிப் போட வேண்டியவர்கள், பிள்ளையைத் தொட்டிலில் இட்டு அதைப் பாடுகிறவர்கள்.